வாங்குவோர்க்கும் உண்டு அறம்

வணிகத்தில் நேர்மை என்றதும் நம் விரல் விற்பவரை நோக்கியே நீளுகிறது. எடையில் குறைவு, சரக்கில் கலப்படம், விலையில் கொள்ளை என அவர்தம் குற்றங்களை அடுக்க நாம் தயங்குவதில்லை. வாங்குபவருக்கும் ஓர் அறம் உண்டா? இக்கேள்வியை அண்மையில் ஒரு டிராக்டர் நம்முன் கொணர்ந்து நிறுத்தியது.

பொள்ளாச்சிப் பக்கத்துத் தென்னை விவசாயி ஒருவர் தம் புதிய டிராக்டரை மந்திரிக்க ஆலய முற்றத்துக்கு ஓட்டி வந்தார். தீர்த்தம் தெளித்து முடித்ததும் மகிழ்ச்சி பொங்கச் சொன்னார்: "பழைய வண்டிய எக்ஸ்சேஞ்சுல தள்ளியுட்டுட்டனுங்க சாமி. கியர் பாக்ஸ் சத்தம் தெரியாம இருக்கக் கெட்டி ஆயில ஊத்திக் கொண்டுபோனேனுங்க." சுற்றி நின்றோர் சிரித்தனர். நாமும் சிரித்தோம். அச்சிரிப்பு அன்றிரவு நம்மை உறங்கவிடவில்லை.

"கடைக்காரர் மட்டும் யோக்கியமா?" என்பதே இதற்கு நாம் சொல்லும் சமாதானம். அதில் உண்மை இல்லாமலில்லை. 2025 செப்டம்பர் 22 முதல் உழவு டிராக்டருக்கான ஜி.எஸ்.டி. வரி 12 விழுக்காட்டிலிருந்து 5 விழுக்காடாகக் குறைந்தது. அக்குறைப்பு விலையில் இறங்கியதா, பதிவுக்கும் காப்பீட்டுக்கும் எவ்வளவு என ஒவ்வொன்றாய்க் கேட்டறிய உழவருக்கு உரிமை உண்டு. ஆனால் உரிமையை வெளிப்படையாய்க் கேட்பது வேறு; பிறர் குற்றத்தையே நம் குற்றத்துக்கு உரிமச்சீட்டாக்குவது வேறு.

பேரம் பேசுவது பாவமன்று. நம் கண்ணபுரம் மாட்டுச் சந்தையில் துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை பேசுவார்கள். அங்கே விலை மறைந்திருக்கும்; மாடு மறைந்திராது. பல் பிடித்து, சுழி பார்த்து, நடக்கவிட்டு, அனைவர் கண்முன்னும் சோதிப்பார்கள். நம் விவசாயியின் பேரத்திலோ விலை தாளில் வெளிப்படையாய் இருந்தது, குறைதான் மறைந்திருந்தது.

13-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த புனித அக்குவினா தோமா தம் 'இறையியல் தொகுப்'பில் இதனை ஆராய்கிறார். கண்ணுக்குத் தெரியாத குறையை விற்பவர் மறைத்தல் அநீதி என்கிறார். அத்தோடு நிற்கவில்லை. விற்பவர் அறியாமையால் பொன்னைச் செம்பென்று கொடுத்துவிட்டால், வாங்கியவர் அதை ஈடுசெய்யக் கடமைப்பட்டவர் என்கிறார். நீதியின் தராசுக்கு இரு தட்டுகளும் ஒன்றே. பழைய வண்டியைக் கொடுத்துப் புதியதை வாங்குபவரோ ஒரே வேளையில் விற்பவரும் ஆகிறார். அவர் பொறுப்பும் இரட்டிப்பாகிறது.

மேலும், ஏமாந்தவர் யார்? கடைக்காரர் அப்பழைய வண்டியைத் தம்மிடமே வைத்துக்கொள்ளப்போவதில்லை. புது வண்டி வாங்க வசதியற்ற மற்றோர் உழவர் கடன்பட்டு அதை வாங்குவார். முதல் மழைக்கு உழவு தொடங்கும் நாளில் அந்தக் கியர் பெட்டி அவர் நிலத்தில் உடையும். கடைக்காரரை வென்றதாய் எண்ணி, நம்மினும் எளியவரையே நாம் வீழ்த்துகிறோம்.

மறுநாள் அவரது தோட்டத்துக்குச் சென்றோம். நாம் சிரித்தது தவறென்பதை முதலில் ஒப்புக்கொண்டோம். பிறகே அவரது கடமையைச் சொன்னோம். நெடுநேரம் மௌனமாயிருந்தவர், "அந்த வண்டி இன்னும் கடைலதான் நிக்குதான்னு கேட்டுப் பார்க்கறனுங்க சாமி" என்றார்.

தீர்த்தம் தெளிப்பது வண்டியின் மீது. ஆசி இறங்க வேண்டியது அதை வாங்கிய வழியின் மீதும் அல்லவா?