தூரத்தே நின்ற தமக்கை



குழந்தை மோயீசனைத் தாய் ஒரு கூடையில் வைத்து, நதியோர நாணலிடையே விட்டாள். அவன் தமக்கையோ, பிள்ளைக்கு என்ன நேருமோ என்று தூரத்தே நின்று பார்த்தாள். பாரவோனின் மகள் கூடையை எடுத்ததும் ஓடிச்சென்று, பாலூட்டப் பெற்ற தாயையே அழைத்து வந்தாள். பிள்ளை வளர்ந்தபின் அரசகுமாரி அவனைத் தன் மகனாக்கினாள் என்கிறது யாத்திராகமம் 2ஆம் அதிகாரம்.

இன்று வளர்ப்புப் பெற்றோரிடமும் சிறுவர் இல்லங்களிலும் வாழும் பிள்ளைகளுக்குச் சோறுண்டு, பாயுண்டு. ஆனால், “அடுத்த வருடமும் இங்கேதானா?” என்ற கேள்விக்கு விடையில்லை. 1991இல் இலங்கை ஏற்றுக்கொண்ட சிறுவர் உரிமைகள் சமவாயத்தின் 25ஆம் உறுப்புரை, அதிகாரிகள் பராமரிப்பில் வைத்த பிள்ளையின் நிலையைக் காலத்துக்குக் காலம் மீளாய்வு செய்யக் கேட்கிறது. அந்தத் தமக்கை செய்ததும் அதுதானே!

பெற்ற வீடு திரும்பலாமா என்பதே முதற் கேள்வி. பிரித்தது வறுமையானால், தாய்க்கு ஒரு தையல் மெசினே பிள்ளையை வீடு சேர்க்கக்கூடும். முடியாவிடில் மாமன், பெரியம்மா, சித்தி. அதுவும் இல்லையேல், 1941ஆம் ஆண்டுச் சட்டப்படி நீதிமன்றக் கட்டளையோடு சுவீகாரம். “பிறகு பார்ப்போம்” என்று நாட்கடத்துவது இரக்கமன்று. பிள்ளைப் பருவம் காத்திராது.

புனித சூசையப்பர் திருப்பாலனுக்குக் கொடுத்தது ஓரிரவுத் தங்குமிடமன்று. பெயரும், வீடும், தொழிலும்.

உங்கள் பங்கில் இப்படியொரு பிள்ளை உண்டா? அப்பிள்ளைக்குத் தமக்கையாய் நிற்பவர் யார்? இந்த ஞாயிறு பூசை முடிந்ததும் பங்குக் குருவானவரோடு பேசுங்கள்.