அறியாமையும் அறிய மறுத்தலும்: அடுக்குமாடித் திகில் புதினங்களில் ஓர் அறவினா

அச்சம் தோன்றும் களன்களாக அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை என நான்கினைத் தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் சுட்டுகின்றது. அண்டைவீட்டார் இந்நான்கனுள் இல்லை. ஊரார் தூற்றும் அலருக்கு அஞ்சுதல் அகப்பாடல்களில் உண்டெனினும், அது உயிர்க்கு இறுதி வருமென அஞ்சும் அச்சமன்று. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கிலத்தில் எழுந்த ஒருவகைத் திகில் புதினமோ அண்டைவீட்டாரையே அச்சத்தின் களனாக்கியது. பெருநகரில் செல்வர் வாழும் அடுக்குமாடிக் கட்டடமே அதன் நிலைக்களம். வாயிற்காவலும் மின்தூக்கியும் தடித்த சுவரும் பாதுகாப்பின் அடையாளங்களாகத் தொடங்கிச் சிறையின் உறுப்புகளாக முடிகின்றன. இவ்வகைப் புதினங்களைப் பொழுதுபோக்கென ஒதுக்குதல் ஆய்வுலகின் வழக்கம். எனினும் அவை எழுப்பும் வினா எளிதன்று. தாம் துய்க்கும் வசதியின் விலை யாதென ஒருவர் கேளாதிருப்பாராயின், அக்கேளாமைக்கு அவர் பொறுப்பாவாரா?

அய்ரா லெவினின் 'ரோஸ்மேரிஸ் பேபி' (1967) இவ்வகைக்கு முன்னோடியாகக் கருதத்தக்கது. போலன்ஸ்கி இயக்கிய 1968ஆம் ஆண்டுத் திரைப்படத்தின் வழி இக்கதையை அறிந்தோர் சாத்தானை நினைவிற் கொண்டிருப்பர். புதினமோ சாத்தானிலிருந்து தொடங்கவில்லை; ஒரு வாடகை ஒப்பந்தத்திலிருந்து தொடங்குகின்றது. ரோஸ்மேரியும் அவள் கணவன் கையும் வேறொரு வீட்டிற்கு ஒப்பந்தம் கையெழுத்திட்ட பின்னரே, நெடுநாள் விரும்பிய பிராம்ஃபோர்டு கட்டடத்தில் ஒரு வீடு காலியாவதை அறிகின்றனர். நடிகனாகிய கை ஒரு பொய்யுரைத்து முதல் ஒப்பந்தத்திலிருந்து விடுபடுகின்றான். ரோஸ்மேரி அப்பொய்யை வெறுக்கவில்லை. அதன் திறத்தில் மகிழ்கின்றாள். அக்கட்டடத்தில் முன்னர் நிகழ்ந்த கொடுமைகளை முதிய நண்பர் ஹட்ச் எடுத்துரைத்தும் இருவரும் குடியேறுகின்றனர். பெரிய வீடொன்றைப் பிரித்தமைத்த பகுதிகளில் ஒன்று அவர்களுடையது. அண்டைவீட்டுக்குச் செல்லும் பழைய வழி ஓர் அலமாரிக்குப் பின்னே மூடப்பட்டுக் கிடக்கின்றது. அறிய மறுத்தலுக்கு இதனினும் பொருத்தமான கட்டட உருவம் அரிது.

ஈண்டு ஓர் எதிர்வாதம் எழும். ரோஸ்மேரி வஞ்சிக்கப்பட்டவள். அவளது உடலைக் கணவனே அண்டைவீட்டார்க்கு விலைபேசினான். அவனுடைய போட்டி நடிகன் கண்பார்வை இழக்க, வாய்ப்பு அவனுக்கு வந்தது. நம்பி அடைக்கலம் புகுந்த மருத்துவரும் அவளைத் திரும்ப ஒப்படைக்கின்றார். இத்தகையவளை நோக்கி, 'நீ ஏன் முன்னரே கேட்கவில்லை' என வினவுதல் அறமாகுமா? ஆகாது. வஞ்சித்தவனின் குற்றத்தில் ஒரு கூறேனும் வஞ்சிக்கப்பட்டவள்மேல் ஏற்றும் எத்திறனாய்வும் கொடியதே. ஆயின் பழி வேறு, பொறுப்பு வேறு. ரோஸ்மேரி அறியாதிருந்தாள், அவள்மீது பழியில்லை. கை விலையை அறிந்தே வாங்கினான். இவ்விருவருக்கும் இடைப்பட்ட நிலை ஒன்றுண்டு. அந்நிலையில் இருப்போர் அறியக்கூடும். அறிந்தால் வீட்டை விட நேருமே என அறியாதிருப்பர். இருவரும் குடியேறிய நாளில் நின்றது அந்நிலையிலேயே. லெவின் சாத்தானைக் காட்டுமுன் அப்பொய்யைக் காட்டியது தற்செயலன்று எனலாம். கண்ணுக்குப் புலப்படாத தீமையினும் கண்ணெதிரே நிகழ்ந்து சிரிப்போடு கடந்துபோன சிறுபொய்யே மறுவாசிப்பில் மிகுதியும் உறுத்துகின்றது.

லெவினே எழுதிய 'ஸ்லிவர்' (1991) இந்நிலையை மேலும் நுணுக்கமாக்குகின்றது. கட்டடத்தின் உரிமையாளன் எல்லா வீடுகளிலும் மறைகருவி பொருத்திக் குடியிருப்போரைக் கண்டு களிக்கின்றான். அதனை அறியவரும் கே நாரிஸ் உடனே விலகவில்லை. தானும் அமர்ந்து பார்க்கத் தொடங்குகின்றாள். ஜே.ஜி. பல்லார்டின் 'ஹை-ரைஸ்' (1975) லண்டனில் நிகழ்வது. அங்கே சாத்தானும் இல்லை, உரிமையாளனின் சூழ்ச்சியும் இல்லை. நாற்பது மாடிகளில் இரண்டாயிரம் பேர் மேல்தளம், கீழ்த்தளம் எனப் பிரிந்து ஒருவரையொருவர் அழிக்கின்றனர். தம் கட்டடத்துச் சீரழிவை வெளியுலகிற்கு மறைப்பதில் மட்டும் ஒன்றுபடுகின்றனர்.

ரைலி சேகரின் 'லாக் எவ்ரி டோர்' (2019) இவ்வினாவை வறுமையின் பக்கம் திருப்புகின்றது. வேலையும் தங்குமிடமும் இழந்த ஜூல்ஸ் என்னும் இளம்பெண்ணுக்கு, பார்த்தலோமியு என்னும் கட்டடத்து வீடொன்றில் மூன்று திங்கள் தங்குதற்கு 12,000 டாலர் தருவதாகக் கூறப்படுகின்றது. விருந்தினரை அழைத்தல் கூடாது. ஓரிரவும் வெளியே தங்குதல் கூடாது. ஏனைய குடியிருப்பாளரை அணுகுதல் கூடாது. இவ்விதிகள் ஐயத்திற்குரியன என்பதை எந்த வாசகரும் முதற்பார்வையிலேயே உணர்வர், ஜூல்ஸும் உணர்கின்றாள். எனினும் பசித்தவரின் கேளாமையும் செல்வரின் கேளாமையும் ஒன்றாகா. வீடற்றவள் வினவாதிருத்தல் நிருபந்தம். பிறரது உடலுறுப்பைப் பெற்று உயிர்நீட்டிப்போர்க்கு அவ்வாறு கூற இடமில்லை. இவ்வேறுபாட்டைச் சேகர் போதிய ஆழத்தில் வளர்க்காது துரத்தல் காட்சிகளுக்கு விரைதல் குறையே. ஆயினும் கீழ்த்தளத்து இன்கிரிட் மறைந்தபோது, அவள் தானே வெளியேறினாள் என்னும் விடையை ஜூல்ஸ் ஏற்கவில்லை. இழப்பதற்கு மிகுதியும் உடையவள் அவளே, கேட்பவளும் அவளே.

கேட்டறிதல் மட்டும் விடுதலை தருமா என்பதற்கு லெவினின் புதினம் ஐம்பதாண்டு முன்னரே இசைவற்ற விடையொன்றை வைத்துள்ளது. ரோஸ்மேரி இறுதியில் அலமாரியின் பின்தடுப்பை நீக்கிக் கையில் கத்தியோடு அண்டைவீட்டினுள் நுழைகின்றாள். யாவும் அவளுக்குத் தெரிந்துவிடுகின்றன. எவரும் எதையும் மறைக்கவில்லை, தேநீர் தருகின்றனர். தொட்டிலில் குழந்தை அழுகின்றது. வேறொருத்தி அதனை விரைந்து ஆட்டுவது அவளுக்குப் பொறுக்கவில்லை. கத்தியை விட்டுத் தொட்டிலருகே சென்று, அதனை மெல்ல ஆட்டத் தொடங்குகின்றாள்.