மூன்றாவது கண் எது?

மறைமலை நகரை அடுத்த ஊர், சிங்கப்பெருமாள் கோவில். அங்கே மலையைக் குடைந்து அமைத்த கருவறையில் அருள்பாலிக்கிறார் பாடலாத்ரி நரசிம்மர். ஆரத்தியின்போது அர்ச்சகர், பெருமாளின் நெற்றித் திருநாமத்தை மெள்ள விலக்கி, தீப ஒளியில் அவரது மூன்றாவது கண்ணைக் காட்டுவார். ஓரிரு விநாடிகள்தான்! ‘பெருமாளைப் பார்க்க வந்தோம், அவரல்லவா நம்மைப் பார்க்கிறார்!’ என்று உடல் சிலிர்த்துப் போகும்.

சமீபத்தில் அந்த வட்டாரத்தில் ஒரு திருமணத்துக்குச் சென்றிருந்தேன். அங்கே நடந்த ஒரு சம்பவம், அந்தக் கண்ணை மீண்டும் நினைக்க வைத்தது.

மணமக்கள் இருவரும் ஒரகடம் பக்கம் தொழிற்சாலைகளில் ஷிஃப்ட் வேலை பார்ப்பவர்கள். சிறிய கோயில் ஒன்றின் மண்டபத்தில், முப்பது பேர் சூழ எளிமையான கல்யாணம். ஆடம்பரம் என்று சொல்வதானால், ஒரே ஒரு வீடியோ கேமரா. அதற்கும் காரணம் இருந்தது. மணமகளை வளர்த்த பாட்டி, இடுப்பெலும்பு முறிந்து, தென் மாவட்டக் கிராமம் ஒன்றில் படுத்த படுக்கையாக இருக்கிறார். ‘தாலி கட்டறதை மட்டுமாவது என் கண்ணுல காட்டிடுங்கய்யா’ என்பது அவரது வேண்டுகோள்.

கெட்டிமேளம் முழங்கியது. மணமகன் ஒரு முடிச்சுப் போட, நாத்தனார் மற்ற முடிச்சுகளைப் போட்டார். அட்சதை மழை! வீடியோ எடுத்த தம்பி பதறிப்போய், ‘‘சார்... அட்சதை மறைச்சிடுச்சு. இன்னும் ஒரே ஒரு தடவை, கட்டற மாதிரி பண்ணுங்க!’’ என்றார். சிலர் சிரித்தார்கள். மணமகனின் கை தன்னையறியாமல் முடிச்சை நோக்கிப் போனது. மணமகள் தாலியை இரு கைகளாலும் பொத்திக்கொண்டாள். ‘‘வேணாங்க... கட்டினது கட்டினதுதான்!’’

அந்தத் தம்பியின் முகம் வாடிவிட்டது. ‘‘எனக்காகவா கேட்டேன்? பாட்டிக்காகத்தானேம்மா!’’

இருவரில் யார் சொன்னது சரி?

கேமராவை வேண்டாத விருந்தாளி என்று ஒதுக்கிவிட முடியாது. 2020-ல் கொரோனா ஊரடங்கின்போது திருமணத்துக்கு 50 பேருக்கு மேல் கூடாது என்று கட்டுப்பாடு இருந்தது. அப்போது எத்தனை அத்தைகளும் மாமாக்களும் செல்போனில் பார்த்தபடியே அட்சதை தூவினார்கள்! வர முடியாதவருக்குக் கண்ணாக இருப்பதும் ஒரு சேவைதான்.

ஆனால், சடங்குக்கு என்று ஒரு தர்மம் உண்டு. திருமணத்தில் சங்கல்பம் செய்யும்போது, புரோகிதர் வருடம், அயனம், மாதம், திதி, நட்சத்திரம் என வரிசையாகச் சொல்வதைக் கவனித்திருப்பீர்கள். ‘இன்ன நாளில், இன்ன நேரத்தில் இதைச் செய்கிறேன்’ என்று காலத்தையே சாட்சிக்கு அழைக்கிறோம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் உள்ள திருவிடந்தையில், காலவ முனிவரின் 360 பெண்களை நாளுக்கு ஒருவராகப் பெருமாள் மணந்தார் என்கிறது தல வரலாறு. இன்றும் அங்கு தினமும் திருக்கல்யாணம். நித்ய கல்யாணப் பெருமாளுக்கும்கூட, அந்தந்த நாளின் திதியைச் சொல்லித்தான் வைபவம்! நேற்றையதை இன்று மறுபடியும் நடிப்பதில்லை. இன்றையது புதிதாக நடக்கிறது.

கடல் கடந்தாலும் இதே மனசுதான். மெக்சிகோவின் யுகடான் பகுதியில் மாயன் மரபுப்படி நடக்கும் திருமணங்களில், கோபல் என்கிற மரப்பிசினைப் புகைத்து, நான்கு திசைகளையும் வணங்குகிறார்கள். நாம் குங்கிலியம் போடுவதுபோலத்தான். வெளிநாட்டு ஜோடிகளும் அங்கு சென்று இம்முறையில் மணம் செய்துகொள்கிறார்கள், படமும் எடுக்கிறார்கள். புகை படத்தில் விழும். திசைகள் சாட்சியானது விழுமா?

நம் அருந்ததி தரிசனத்தையே பாருங்கள். பட்டப்பகலில் வானத்தைக் காட்டி, ‘அதோ அருந்ததி’ என்கிறோம். வீடியோவில் பதிவாவது, அண்ணாந்து பார்க்கும் இரண்டு முகங்கள் மட்டுமே! தெரியாத நட்சத்திரத்தை ஒருவர் சொல்ல, மற்றவர் நம்புகிறாரே... அதுவல்லவா இல்லறம்!

அப்படியானால் கேமராவின் இடம் எது? அக்னியைப்போல அதுவும் சாட்சியாக நிற்கலாம். சாட்சி என்பவர் நடப்பதைப் பார்ப்பார். ‘இப்படி நில், மறுபடி செய்’ என்று ஆணையிட மாட்டார். ஆணையிடத் தொடங்கினால், மணமக்கள் அக்னியை மறந்து, தாங்கள் எப்படித் தெரிகிறோம் என்ற கவலையில் விழுந்துவிடுவார்கள். 2022 டிசம்பரில், திருச்செந்தூர் கோயில் தொடர்பான வழக்கில், தமிழகக் கோயில்களில் செல்போனுக்குத் தடை விதிக்கும்படி சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டதை இங்கே நினைத்துப் பார்க்கலாம். சந்நிதியில் நிற்கிறவர், சந்நிதியில்தான் நிற்க வேண்டும்!

எனவே, கோயிலில் திருமணம் வைப்பவர்கள், கோயில் நிர்வாகத்திடம் முன்கூட்டியே அனுமதி கேளுங்கள். படம் எடுப்பவருக்கு நிற்கும் இடத்தை முதல் நாளே காட்டிவிடுங்கள். அட்சதை எந்தப் பக்கம் இருந்து விழும் என்பதையும் சொல்லிவையுங்கள். முகூர்த்த நேரத்தில் அவருக்கும் பேச்சு வேண்டாம், நமக்கும் வேண்டாம்.

பாட்டி என்ன சொன்னார் என்று கேட்கிறீர்களா? பிறகு விசாரித்தேன். முடிச்சு விழுந்தது படத்தில் சரியாகத் தெரியவில்லையாம். ஆனால், பேத்தி தாலியைப் பொத்திக்கொண்டது அப்படியே பதிவாகியிருக்கிறது. அந்த இடம் வரும்போதெல்லாம், ‘இன்னொரு தடவை போடுய்யா’ என்கிறாராம்.

ஒன்று புரிந்தது. எத்தனை முறை வேண்டுமானாலும் பார்க்கலாம். கட்டுவது, ஒரே ஒரு முறைதான்!