நீரிழிவும் ஊழ்வினையும்

சர்க்கரை நோய் கண்டவர் 'எல்லாம் தலையெழுத்து' என்று சொல்லி வழக்கம்போல் உண்பதும், சுற்றத்தார் அவரை 'வாயைக் கட்டத் தெரியாதவர்' என்று நிந்திப்பதும் நம் இல்லங்களில் ஒருங்கே நிகழ்கின்றன. ஒன்று பழியை ஊழின்மீது போடுகிறது. மற்றொன்று மனிதன்மீது போடுகிறது. இரண்டினாலும் நோயாளிக்கு யாதொரு பிரயோசனமும் இல்லை.

கம்பம் பள்ளத்தாக்கிலுள்ள அனுமந்தன்பட்டியை நோக்குங்கள். 1895-ல் பெரியாற்று அணை எழுந்து, மேற்கே ஓடிய நீர் கிழக்கே திரும்பியதனால் வளம் பெருகி, இன்று 14,707 ஏக்கரில் இருபோக நெல் விளையும் அப்பள்ளத்தாக்கில், கம்பும் சோளமும் உண்ட குடும்பங்களுக்கு அரிசிச் சோறு முதலில் செல்வத்தின் அடையாளமாகி, பிறகு அன்றாட வழக்கமாகி, இறுதியில் விருந்தோம்பலின் இலக்கணமாகவே நிலைத்தது. நாள் முழுதும் வயலில் உழைத்த உடலுக்கு அது தகும். உழைப்புக் குறைந்த பின்னும் இலையில் சோறு குறையவில்லை. இதில் தனியொருவரின் பாபம் எங்கே இருக்கிறது?

வள்ளுவர் 'மருந்து' அதிகாரத்தில் ஒரு மூலிகையின் பெயரும் சொல்லாமல், முன் உண்டது செரித்ததை அறிந்து உண்பதையே விரித்துப் பேசி, முடிவில் நோயுற்றவனையும் உடனிருந்து பேணுபவனையும் மருத்துவனுக்குச் சமமாக மருத்துவத்தின் அங்கங்களாக வைக்கிறார். அவ்வாறாயின் அறிவு நோயாளிக்கும் உலை வைப்பவருக்கும் சேர வேண்டியது அறமாகும். சென்னை மருத்துவர் அ. ராமச்சந்திரன் தலைமையில் நடந்து 2006-ல் வெளியான ஆய்வில், நோயின் விளிம்பில் நின்றவர்களுக்கு உணவு, நடை பற்றிய போதனை அபாயத்தை 28.5 சதவீதம் குறைத்தது. மெட்பார்மின் மாத்திரையோ 26.4 சதவீதமே குறைத்தது.

விரதம் பற்றியும் சொல்ல வேண்டும். இன்சுலின் போட்டுக்கொண்டு, ஆடிச் சனிக்கிழமை குச்சனூர் சனீஸ்வரரை எண்ணி வெறும் வயிற்றுடன் இருப்பவருக்குச் சர்க்கரை திடீரென இறங்கி மயக்கம் வரலாம். நோயாளிக்கு நோன்பிலிருந்து குர்ஆன் விலக்களிக்கிறது; கத்தோலிக்கத் திருச்சபையும் அவ்வாறே; மிகையாக உண்பவனுக்கும் அறவே உண்ணாதவனுக்கும் யோகம் கைகூடாது என்பது கீதையின் உபதேசம். உடலை வருத்தும் பக்தியை இவற்றுள் எதுவும் நோயாளியிடம் கேட்கவில்லை.

சோற்றை விட்டுக் கேழ்வரகுக் களியை வயிறாரத் தின்றாலும் சர்க்கரை ஏறவே செய்யும். தானியம் எதுவானாலும் அளவைக் குறைத்துக் கீரையையும் காயையும் பயறையும் கூட்டுவதே முறை. 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' என்னும் தமிழக அரசுத் திட்டம் மாத்திரையை வாசலுக்கே கொண்டுவருகிறது. அதைக் கொண்டுவருபவர் அடுப்படிவரை சென்று, சமைப்பவரோடு சற்று அமர்ந்து பேசவும் அவகாசம் தரப்பட வேண்டும்.