மாலை போடாத படம்

(ஐப்பசி அனுஷம், பூசலார் நாயனார் குருபூசை நாளன்று கிளிநொச்சி மாவட்டக் கோயில் ஒன்றில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்துவடிவம்)

பூசலார் நாயனாரிடம் காசு இல்லை. சேக்கிழார் சுவாமிகள் அதை மறைக்கவில்லை. திருநின்றவூரிலே சிவபெருமானுக்கு ஒரு கோயில் எடுக்க வேண்டுமென்று அவருக்கு ஆசை. எங்கெங்கோ தேடியும் பொருள் சேரவில்லை. அப்போது அவர் மனதுக்குள்ளே கட்டத் தொடங்கினார்.

பிள்ளைகள் சிரிக்கிறீர்கள். மனதுக்குள்ளே கட்டுவது லேசான வேலை என்று நினைப்பு. அவர் கட்டின விதத்தைக் கேளுங்கள். சிறுகச் சிறுகப் பொருள் சேர்த்தார். கல்லும் மரமும் தேடினார். தச்சரைக் கூட்டினார். நல்ல நாள் பார்த்து அத்திவாரம் போட்டார். இரவிலும் கண்மூடவில்லை. அடியிலிருந்து சிகரம் வரைக்கும் வரிசை வரிசையாய் எழுப்பி, தூபி வைத்து, சுதை பூசி, கிணறு வெட்டி, மதில் கட்டி, குளமும் தோண்டினார். எல்லாம் நினைவிலேதான். ஆனால் ஒரு கல்லைக்கூட அவர் தாண்டிப் போகவில்லை.

இந்தக் கதையைக் கன காலமாய் மேடைகளிலே சொல்லி வருகிறேன். எனக்கே அது சரியாய் விளங்கினது ஒரு அம்மா கேட்ட கேள்வியால்தான்.

இந்தக் கோயில் வாசலிலே, பூசை முடிந்து சனம் கலைந்த பிறகு, அந்த அம்மா என்னிடம் வந்தார். சீலைத் தலைப்புக்குள்ளே ஒரு படம். மகனின் படம். "ஐயா, இதை எங்க கொழுவிறது?" என்று கேட்டார்.

வேறு ஊராருக்கு இந்தக் கேள்வி விளங்காது. செத்தவரின் படத்தை விறாந்தையிலே கொழுவி, மாலை போட்டு, கீழே ஒரு சின்னச் சிவப்பு பல்பு எரிய விடுவோம். இருக்கிறவரின் படத்துக்கு மாலை போடுவதில்லை, அது ஆகாது. அந்த அம்மாவின் மகன் எந்தப் பக்கம்? போர் முடிந்த 2009 மே மாதத்துக்குப் பிறகு அவரைக் கண்டவர் இல்லை. மாலை போட்டால் தாயே முடிவு சொன்னதாகிவிடும். போடாமல் விட்டால், திவசமும் இல்லை, தர்ப்பணமும் இல்லை. "விளக்காவது வைக்கலாமோ?" என்று கேட்டார்.

ஆகமத்திலே இதற்கு நான் விடை காணவில்லை. எனக்கு வந்ததைச் சொன்னேன். "சாமி அறைக்குப் பக்கத்துச் சுவரிலே கொழுவுங்கோ அம்மா. விளக்கைச் சாமிக்கு வையுங்கோ. வெளிச்சம் படத்திலையும் படும்." சரியோ பிழையோ தெரியாது. அவர் தலையாட்டிவிட்டுப் போனார்.

அந்தப் படத்தை நான் வடிவாய்ப் பார்த்தேன். பிள்ளையின் தோளிலே யாரோ ஒருவரின் கை கிடந்தது. விரல்கள் மட்டும். பள்ளிக்கூடத்துக் குழுப்படத்திலிருந்து வெட்டிப் பெருப்பித்த படம் அது. பெருப்பித்ததிலே முகம் புகைபோலக் கலங்கி இருந்தது. தோளிலே கை போட்டு நின்ற அந்தச் சிநேகிதன் யார், அவன் எங்கே என்று நான் கேட்கவில்லை.

கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்றலிலே 2017 பெப்ரவரி 20ஆம் திகதி, காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளைக் கேட்டுத் தாய்மார் போராட்டம் இருக்கத் தொடங்கினார்கள். நாலு நாள் கழித்து வவுனியாவிலும் தொடங்கியது. போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அவர்கள் கையிலே இருக்கிற படங்கள் எல்லாம் ஒரே மாதிரி இல்லை. சிலது அடையாள அட்டைப் படம். சிலது கலியாணப் படத்திலே பாதி. படம் பிடித்த காலத்திலே இதற்காக என்று யார் நினைத்தார்கள்? பிள்ளை இல்லாமல் படத்தோடு தெருவிலே இருப்போம் என்று நினைத்தா ஸ்ரூடியோவுக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள்? படத்துக்குள்ளே இருந்த பிள்ளைக்கு வயது ஏறவில்லை. பிடித்திருந்த தாய்மாருக்கு ஏறியது. அவர்களிலே பலர் பதில் கேளாமலே கண்ணை மூடிவிட்டார்கள்.

போர்க்கால இடப்பெயர்விலே எங்கள் படங்கள் எப்படிப் போயின என்பதும் சொல்ல வேண்டிய கதைதான். முதலிலே கண்ணாடிச் சட்டம் போட்ட பெரிய படங்கள். அவை கிளிநொச்சி வீட்டுச் சுவரிலேயே நின்றன. தருமபுரம், விசுவமடு போகும்போது அல்பங்கள் கூட வந்தன, உழவு மிஷின் பெட்டியிலே, நெல்லு மூட்டைக்கும் கோழிக்கூட்டுக்கும் நடுவிலே. உடையார்கட்டு, சுதந்திரபுரம் தாண்டும்போது அல்பம் பாரம். இரணைப்பாலையிலே இருந்து அல்பத்தைப் பிரித்து நல்ல படங்களை மட்டும் எடுத்தோம். நல்ல படம் எது? பங்கர் வாசலிலே இருந்து அதைத் தெரிவு செய்தவர்கள் இந்தச் சபையிலே இருக்கிறீர்கள். சாமத்தியவீட்டுப் படங்களிலே ஒன்று போதும், அப்புவின் செத்தவீட்டுப் படம் வேண்டாம், என்று. மாத்தளனிலும் முள்ளிவாய்க்காலிலும் அது ஒரு பொலித்தீன் பை அளவாய்ச் சுருங்கியது. நந்திக்கடல் தண்ணிக்குள்ளே இறங்கினவர்களிடம் அந்தப் பையும் நனைந்தது. செட்டிகுளத்து முகாமிலே தறப்பாளுக்குக் கீழே இருந்து பிரித்துப் பார்த்தால், படங்கள் ஒன்றோடொன்று ஒட்டி ஒரு கட்டியாய் இருந்தன.

இடையிலே ஒன்று. அப்படி ஒட்டின கட்டி இன்னமும் வீட்டிலே இருந்தால், காய்ந்தபடி உரிக்காதீர்கள், முகம் கழன்று வந்துவிடும். குளிர்ந்த நல்ல தண்ணியிலே ஊறவிட்டு, தானாய் இளகுகிறதா என்று பொறுமையாய்ப் பாருங்கள். யப்பானிலே 2011 மார்ச் மாதம் ஆழிப்பேரலை அடித்த பிறகு, சேற்றுக்குள்ளே கிடந்த இலட்சக்கணக்கான படங்களை யார் யாரோ வந்து கழுவி உலர்த்தினார்கள். உரியவர் வந்து அடையாளம் கண்டு எடுத்துக்கொண்டு போகட்டும் என்று. முன்பின் தெரியாத முகத்தை ஒருவர் பொறுமையாய்க் கழுவுகிறார் என்றால், நான் அதை அபிஷேகம் என்றுதான் சொல்லுவேன். 2004 மார்கழி ஆழிப்பேரலைக்குப் பிறகு முல்லைத்தீவுக் கரையிலே நாங்கள் உடல்களைத் தேடிக்கொண்டிருந்தோம். படங்களை நினைக்க நேரம் இருக்கவில்லை.

பூசலாரை விட்டு வந்துவிட்டேன். அவர் தன் மனக்கோயிலுக்குக் குடமுழுக்கு வைத்த அதே நாளிலே காஞ்சியிலே பல்லவ அரசன் காடவர் கோன் பெரிய கற்றளி எடுத்துக் குடமுழுக்குக்கு நாள் வைத்திருந்தான். இறைவன் கனவிலே வந்து, "நாளைக்கு நான் நின்றவூரிலே அன்பன் கட்டின கோயிலுக்குப் போகிறேன், நீ வேறு நாள் வை" என்கிறார். கதை சொல்லுகிறவர்கள் இதிலேயே உருகி நின்றுவிடுவோம். நான் உங்களைக் கூட்டிக்கொண்டு போக விரும்புவது அதற்கு அடுத்த இடத்துக்கு. அரசன் நின்றவூருக்கு வருகிறான். "பூசலார் கட்டின கோயில் எங்கே?" என்று கேட்கிறான். ஊரிலே ஒருவருக்கும் தெரியவில்லை. அங்கேயே வாழ்ந்த மனிதருக்குள்ளே ஒரு முழுக்கோயில் எழும்பியிருக்கிறது, பக்கத்து வீட்டுக்காரருக்கும் தெரியாது. அரசன் அவரைத் தேடிப் போய்க் கேட்ட பிறகுதான் அவர் வாய் திறக்கிறார். கேட்க ஒருவர் வரும்வரைக்கும் அவர் சொல்லவே இல்லை.

என் ஐயா நான் சின்னப் பிள்ளையாய் இருக்கேக்கை போய்விட்டார். எனக்கு முகம் நினைவில்லை. அம்மாவிடம் இருந்த ஒரே கலியாணப் படமும் இடப்பெயர்விலே போனது. அது 1972இலே வவுனியாவிலே ஒரு ஸ்ரூடியோவிலே பிடித்தது. முகாமிலே இருந்த காலத்திலேதான் நான் முதல்தரம் அம்மாவிடம் கேட்டேன், அந்தப் படத்திலே என்ன இருந்தது என்று. அம்மா கட்டத் தொடங்கினா. பின்னாலே திரைச்சீலையிலே ஒரு மாடப்படி கீறியிருந்தது. ஐயா இடப்பக்கம். அவருடைய சேட்டு இளநீலம். அம்மாவின் கொண்டையிலே கனகாம்பரம், ஒரு பக்கம் சரிந்து. ஐயாவின் கையிலே, தமையனிடம் இரவல் வாங்கின மணிக்கூடு. ஒவ்வொரு நாளும் ஒரு கல்.

சில வருசத்துக்குப் பிறகு கனடாவிலே இருக்கிற மாமாவின் பெட்டிக்குள்ளே அதே படத்தின் பிரதி ஒன்று அகப்பட்டு, வட்ஸ்அப்பிலே வந்தது. வெளிநாட்டுக்கு அனுப்பின படம்தான் எங்களுக்கு மிஞ்சியது. மாடப்படி இருந்தது. கனகாம்பரம் சரிந்துதான் இருந்தது. கறுப்பு வெள்ளைப் படம், சேட்டு என்ன நிறமென்று தெரியவில்லை. மணிக்கூட்டைக் காணவில்லை. ஐயாவின் இரண்டு கையும் வெறுங்கை.

நான் போனை அம்மாவிடம் நீட்டிக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தா.

"கட்டினவர் தம்பி," என்றா. "படத்தில விழேல்லை."