பெருமிதமும் செருக்கும்

ஆன்மாவைக் கறைப்படுத்தும் கஷாயங்கள் குரோதம், மானம், மாயை, லோபம் என நான்காகும். அவற்றுள் மானம் என்பது செருக்கு. அங்ஙனமாயின், தன் நாட்டை எண்ணி ஒருவன் பெருமை கொள்வது குற்றமாகுமோ? இவ்வினா என் உள்ளத்தில் எழுந்தது ஒரு பேருந்து நிலையத்தில்.

2023 ஆகஸ்ட் 23, புதன்கிழமை மாலை. திண்டிவனம் பேருந்து நிலையத்தில் வந்தவாசிப் பேருந்துக்காகக் காத்திருந்தேன். அங்கிருந்த தேநீர்க் கடையின் தொலைக்காட்சி முன் சிறு கூட்டம் கூடியிருந்தது. சந்திரயான்-3 விண்கலத்தின் லேண்டர் நிலவை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தது. உயரத்தைக் காட்டும் எண்கள் குறையக் குறையக் கூட்டம் பெருகிற்று. பூ விற்கும் அம்மையார் கூடையை இறக்கி வைத்தார். புறப்பட வேண்டிய பேருந்தின் நடத்துநரும் விசிலைக் கையில் பிடித்தபடி நின்றுவிட்டார். மாலை 6.04 மணிக்கு லேண்டர் தரை தொட்டது. என் அருகில் நின்ற முதியவர், முன்பின் அறியாதவர், என் கையை இறுகப் பற்றிக்கொண்டார். அவர் கண்களில் நீர். என் கண்களிலும் அவ்வாறே. "சீக்கிரம் ஏறுங்க! அவங்க நிலாவுக்கே போயிட்டாங்க, நாம வந்தவாசிக்காவது போய்ச் சேருவோம்" என்று நடத்துநர் கூவவே, அனைவரும் நகைத்தவாறு ஏறினோம்.

பேருந்து நகர்ந்தபின் சிந்தை ஓடலாயிற்று. இச்செயலில் என் பங்கு யாது? ஒன்றுமில்லை. திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் நம் விழுப்புரத்துக்காரர். இரயில்வே தொழிலாளி ஒருவரின் மகன். சோதனைக்கென உருவாக்கிய நிலவு மண்ணுக்குரிய பாறை நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டிப் பகுதியது. இவை மகிழ்ச்சி தரும் செய்திகளே. எனினும் அவற்றால் என் தகுதி அணுவளவும் உயரவில்லை.

இன்னொன்றும் நினைவிற்கு வந்து என்னை நாணச் செய்தது. அதற்கு நான்கு நாட்களுக்கு முன், ஆகஸ்ட் 19 அன்று, ரஷ்யாவின் லூனா-25 விண்கலம் நிலவில் மோதிச் சிதைந்தது. நிலவின் தென்துருவப் பகுதியில் நமக்கு முன்னர் இறங்க இருந்த கலம் அது. அச்செய்தியை நாளிதழில் படித்தபோது, "இனி முதலிடம் நமக்கே" என ஒரு சிறு களிப்பு என்னுள் தோன்றியது. பல்லாண்டு உழைத்த விஞ்ஞானிகளின் துயரத்தில் நான் கண்ட களிப்பு அது! நமது முதல் செயற்கைக்கோளாகிய ஆரியபட்டாவை 1975-ஆம் ஆண்டில் விண்ணுக்கு ஏற்றியது சோவியத் நாட்டின் ராக்கெட்டே என்பதையும் அக்கணத்தில் மறந்தேன்.

ஆன்றோர் ஞானம், பூஜை, குலம், ஜாதி, வலிமை, செல்வம், தவம், உடல் என எண்வகை மதங்களைக் கூறினர். அப்பட்டியலில் நாடு இல்லை என்று நாம் தப்பிக்க இயலாது. நாடு என்பதும் பெரியதொரு குலமே அன்றோ? "நான் பிறந்த குலம் உயர்ந்தது" என்பவனுக்கும் "நான் பிறந்த நாடு உயர்ந்தது, பிறர் நாடு தாழ்ந்தது" என்பவனுக்கும் பெரும் வேறுபாடு இல்லை.

ஆயினும் பேருந்து நிலையத்தில் துளிர்த்த கண்ணீர் செருக்கன்று எனவே கருதுகிறேன். நால்வகைப் பாவனைகளுள் பிரமோதம் என்பது ஒன்று. குணமுடையோரைக் கண்டு உள்ளம் உவத்தல் அது. அந்த மாலையில் அங்கு நின்றோருள் எவரும் தம்மை உயர்த்திக் கொள்ளவில்லை. எவர் எந்தச் சாதி, எந்தச் சமயம் என வினவவும் இல்லை. பிறர் உழைப்பின் பயன் கண்டு அனைவரும் உவந்தனர். அவ்வளவே.

அவ்வுழைப்பையும் சற்றே கூர்ந்து நோக்குவோம். 2019 செப்டம்பர் 7 அன்று சந்திரயான்-2 திட்டத்தின் லேண்டர் இறங்கும் வேளையில் வீழ்ந்தது. விஞ்ஞானிகள் அத்தோல்வியை மறைக்கவில்லை; எங்கெங்கே பிழை நேரக்கூடும் என்று ஆராய்ந்து, அவற்றைத் தாங்கும் வண்ணம் அடுத்த கலத்தை அமைத்தனர். கால்களுக்கு வலுவூட்டினர், எரிபொருளைக் கூட்டினர், இறங்கும் பரப்பை விரிவாக்கினர். அமெரிக்க, ஐரோப்பிய விண்வெளி அமைப்புகளின் தொடர்பு உதவியையும் பெற்றனர். தன் பிழையை ஒப்புக்கொள்வதும் பிறர் உதவியை ஏற்பதும் மானக் கஷாயம் கொண்டோர்க்கு அரியன. எனவே நாம் பெருமிதம் கொண்ட அவ்வெற்றியே செருக்கை விலக்கியதால் விளைந்தது எனலாம்.

பெருமிதத்தையும் செருக்கையும் பிரித்தறிய எளிய சோதனை ஒன்று உண்டு. பிறன் தோற்கும்போது நம் உள்ளம் என் செய்கிறது என்று நோக்குதல். உவந்தால் அது செருக்கு. வருந்தினால், நம் வெற்றியில் கொண்ட மகிழ்ச்சியும் தூயது என்று கொள்ளலாம்.

2024 ஜனவரி 19 அன்று ஜப்பானின் கலம் நிலவில் இறங்கிற்று. நிலவில் மெல்லெனத் தரையிறங்கிய ஐந்தாவது நாடு அது. ஆயின் கலம் நிமிர்ந்து நில்லாது கவிழ்ந்த நிலையில் நின்றது என்று படித்தேன். அன்று என் உள்ளத்தை உற்று நோக்கினேன். முதலில் எழுந்தது, "ஐயோ, பிழைத்துக்கொள்ளுமா?" என்னும் கவலையே.

இதனால் மானத்தை வென்றுவிட்டேன் என்று கூற மாட்டேன். அவ்வாறு கூறின் அதுவே மற்றொரு மானமாகும். அன்று கை பற்றிய அம்முதியவரை மீண்டும் காணின், இதனையே அவரிடம் கூற விரும்புகிறேன்.