சேணமும் அகிம்சையும்

குதிரைமேல் ஏறுகிறவருக்கு எந்த இருக்கை வசதி என்பது உட்கார்ந்த மறுகணமே தெரிந்துவிடும். அதே இருக்கை குதிரைக்கு வசதியா என்பதை எப்படி அறிவது? அறியாமலே ஏறி அமர்ந்தால் அது குற்றமா? சட்டமில்லாச் சேணத்தைத் தேர்ந்தெடுக்கும்போது இந்தக் கேள்விகள் இன்னும் கூர்மையாகின்றன. அதைத் தேடி வாங்குகிறவர்கள் பெரும்பாலும் குதிரையின்மேல் இரக்கம் உள்ளவர்கள். அந்த இரக்கம் மட்டும் போதுமா என்பதுதான் ஆராய வேண்டியது.

வழக்கமான சேணத்துக்குள் ஒரு சட்டம் இருக்கும். முன்பு மரத்தில் செய்தார்கள். இப்போது ஒட்டுப்பலகை, எஃகுப் பட்டை, ஃபைபர் கிளாஸ் என்று பல வகை உண்டு. ஏறியவரின் எடையை முதுகெலும்பின் இருபுறத் தசைகளிலும் நீளவாக்கில் பரப்புவது அதன் முதல் வேலை. முதுகெலும்பின்மேல் எதுவும் படாதபடி நடுவில் ஒரு வாய்க்கால் விட்டுவைப்பது அடுத்த வேலை. சட்டத்தின் வடிவமும் முதுகின் வடிவமும் ஒத்துப்போகாவிட்டால் தொல்லைதான். தோள்பட்டை எலும்பு அசைய இடமிருக்காது. எடை முழுவதும் நாலு மூலைகளில் இறங்கும். இப்படிப் புண்பட்ட முதுகுகளைப் பார்த்தவர்களுக்கு, சட்டத்தையே எடுத்துவிட்டால் என்ன என்று தோன்றியதில் வியப்பில்லை. தோல், கம்பளித் திண்டு, நுரைப்பஞ்சு இவற்றால் ஆன சட்டமில்லாச் சேணம் கையில் எடுத்தாலே வளைகிறது. எந்த முதுகிலும் படிந்துவிடும் என்ற நம்பிக்கையையும் தருகிறது.

யோசனை பழையதுதான். சைபீரியாவின் அல்தாய் மலைப் பகுதியில், பாஸிரிக் என்ற இடத்தில், இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேலாகப் பனியில் உறைந்து கிடந்த கல்லறைகளில் குதிரைகளோடு சேணங்களும் கிடைத்தன. அவை முதுகெலும்பின் இருபுறமும் படியும்படி சேர்த்துத் தைத்த இரண்டு திண்டுகள். அதற்குச் சற்று முன்னோ பின்னோ, கி.மு. 4ஆம் நூற்றாண்டில், கிரேக்கரான செனபோன் குதிரையேற்றம் பற்றித் தனி நூலே எழுதினார். முதுகெலும்பு மேலே துருத்தாமல் இருபுறச் சதைக்கு நடுவே அமிழ்ந்திருக்கும் குதிரையை அவர் விரும்பிச் சொல்கிறார். உட்கார மென்மையாக இருக்கும் என்பது அவர் தரும் காரணம். குதிரையிடம் பொறுமை காட்டச் சொன்ன ஆசிரியர் அவர். அவரும்கூட மென்மையை ஏறியவரின் பக்கத்திலிருந்தே அளந்தார்.

இன்றும் ஏமாற்றம் இங்கேதான் நேர்கிறது. கைக்கு மென்மையாக இருப்பது முதுகுக்கும் மென்மையாக இருக்கும் என்று மனம் தானாகவே முடிவுகட்டிவிடுகிறது. 2012இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், அழுத்தம் அளக்கும் விரிப்பைச் சேணத்துக்கு அடியில் போட்டு, சட்டமுள்ள சேணத்தையும் சட்டமில்லாத ஒன்றையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். சட்டமில்லாத சேணத்தில் எடை தாங்கிய பரப்பு சுருங்கியிருந்தது; ஏறியவர் உட்கார்ந்த இடத்துக்கு நேர்கீழே அழுத்தம் குவிந்திருந்தது. அந்த வகைச் சேணம் எல்லாமே தீது என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது. வடிவங்கள் பல, முதுகுகள் பல. ஆனால் ‘சட்டம் இல்லை, ஆகவே துன்பமும் இல்லை’ என்ற எண்ணம் தவறு என்பது உறுதியாகிறது.

சமணர்கள் இம்சைக்குக் கொடுத்த இலக்கணம் இந்த இடத்துக்கு அப்படியே பொருந்துகிறது. உமாசுவாதியின் தத்துவார்த்த சூத்திரம், பிரமாதத்தால், அதாவது அசிரத்தையால், உயிருக்கு ஊறு செய்வதையே இம்சை என்கிறது. வெறுப்பும் சினமும் இருந்தால்தான் இம்சை என்று அது சொல்லவில்லை. கவனிக்க வேண்டியதைக் கவனிக்காமல் விட்டாலே போதும். இல்லறத்தார் ஏற்கும் அகிம்சை விரதத்துக்கு நேரும் களங்கங்கள் ஐந்து என்று அந்த மரபு எண்ணிச் சொல்கிறது: கட்டிவைத்தல், அடித்தல், உறுப்பை அறுத்தல், தாங்காத பாரம் ஏற்றுதல், தீனியும் தண்ணீரும் தடுத்தல். தமிழில் இல்லறத்தாருக்காக எழுந்த சமண நூலான அருங்கலச்செப்பும் இந்த மரபையே பின்பற்றுகிறது. ஐந்தும் வீட்டில் மாடும் குதிரையும் வைத்திருப்பவருக்கு அன்றாடம் நேரக்கூடியவை. துறவிக்கு வகுத்த உயர்ந்த அறத்தைக் காட்டிலும் இந்தச் சிறிய பட்டியல்தான் தொழுவத்துக்குப் பயன்படும். பாரம் என்பது எடை மட்டும் அன்று; அந்த எடை எங்கே இறங்குகிறது என்பதும் பாரமே.

‘குதிரை பேசாதே, எப்படித் தெரிந்துகொள்வது?’ என்று கேட்கலாம். விலங்கை ஓர் இயந்திரம்போலக் கருதிய தத்துவ அறிஞர் தெகார்த்தின் சிந்தனை 17ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் பலருக்கு வசதியாக இருந்தது. விலங்கு பேசுமா, பகுத்தறியுமா என்பதை விட்டுவிட்டு, அது துன்பப்படுமா என்று மட்டும் கேளுங்கள் என்று 1789இல் வெளியான நூலில் இன்னொரு தத்துவ அறிஞரான பெந்தாம் கேள்வியையே மாற்றினார்.

இவர்களுக்கெல்லாம் வெகுகாலம் முந்தியது விவிலியத்தின் எண்ணாகமத்தில் வரும் பிலேயாமின் கழுதை. வாளுடன் வழியில் நின்ற தேவதூதன் அதன் கண்ணுக்குத் தெரிகிறான். மேலே உட்கார்ந்திருக்கும் பிலேயாமுக்குத் தெரியவில்லை. கழுதை வயலுக்குள் விலகுகிறது. பிறகு சுவரோடு ஒட்டி அவன் காலை நசுக்குகிறது. கடைசியில் படுத்தே விடுகிறது. மூன்று முறையும் அடி விழுகிறது. பிறகுதான் அதற்கு வாய் திறக்கிறது. நீ இத்தனை நாள் ஏறிவந்த கழுதை நான்தானே, இப்படி நடப்பது என் வழக்கமா என்று கேட்கிறது. இல்லை என்று ஒப்புக்கொள்வதைத் தவிர அவனுக்கு வேறு வழியில்லை. சேணம் பொருத்துகிறவர் நாள்தோறும் கேட்க வேண்டிய கேள்வியும் இதுவே: இது இந்தக் குதிரையின் வழக்கமா? வயிற்றுவாரை இறுக்கும்போது கடிக்கத் திரும்புவது, ஏறும்போது முதுகைத் தாழ்த்துவது, காதைப் பின்னுக்கு மடக்குவது, வாலை ஓயாமல் வீசுவது, அடியைக் குறுக்கி வைப்பது எல்லாம் அடங்காத்தனம் என்று பெயர் பெற்றுவிடுகின்றன. ஏறிய குதிரையின் வலியைக் காட்டும் 24 நடத்தைகளைக் கால்நடை மருத்துவர் சூ டைசனும் அவரோடு சேர்ந்தவர்களும் பட்டியலிட்டிருக்கிறார்கள். அவற்றில் எட்டோ அதற்கு மேலோ தென்பட்டால் தசையிலோ எலும்பிலோ வலி இருக்க வாய்ப்பு மிகுதி. வாய் திறக்கும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

இன்னும் அடிப்படையான மறுப்பு ஒன்று உண்டு. குதிரைக்குப் பனியில் மிதிக்கக் குளம்பும் காற்றைத் தாங்க மயிரும் இருக்கின்றன, அதுவே அதற்குப் போதும். குதிரையை அறிந்தவன் என்று பெயர்பெற்ற போ லெ வந்து சூடுபோட்டு, கடிவாளமிட்டு, பழக்கியபோது பாதிக்கு மேல் செத்தன என்கிறது சீனத்துச் சுவாங் ட்சு நூலின் ஓர் அத்தியாயம். அந்தப் பார்வையில் நல்ல சேணம் என்று ஒன்று கிடையாது. இதை எளிதில் தள்ளிவிட முடியாது. ஆனால் தொழுவத்தில் ஏற்கெனவே நிற்கும் குதிரைக்கு அந்த மறுப்பு ஒன்றும் செய்வதில்லை. ஏறுவது என்று முடிவான பிறகு, சரிபார்க்காமல் ஏறுவதற்கு எந்த நியாயமும் மிஞ்சாது.

சரிபார்ப்பது குதிரையின் வடிவத்திலிருந்து தொடங்க வேண்டும். பிடரி முடியுமிடத்தில் எழும் தோள்முகடு உயர்ந்து ஒடுங்கியிருந்தால், வளையும் சேணம் எடையில் தாழ்ந்து முகட்டில் உராயும். முகடு தாழ்ந்து முதுகு உருண்டிருந்தால் சேணம் பக்கவாட்டில் சுழலும். உடனே வாரை மேலும் இறுக்குவார்கள், அது வேறொரு துன்பம். தரையிலிருந்து அங்கவடியில் காலூன்றி ஏறாமல் மேடையிலிருந்து ஏறுவது நல்லது. சேணம் தோள்பட்டை எலும்புக்குப் பின்னால் தொடங்கி, பதினெட்டாவது விலா எலும்புக்குள் முடிய வேண்டும். நடு வாய்க்காலைச் சட்டம் தராததால், இருபுறமும் தடித்த நுரைப்பஞ்சு வைத்த அடிவிரிப்பு கட்டாயம் தேவை. வாய்க்கால் இருக்கிறதா என்று ஆள் ஏறி உட்கார்ந்த பிறகே பார்க்க வேண்டும். வெறும் சேணத்தில் எல்லாம் சரியாகத்தான் தெரியும். அங்கவடி வார்கள் ஒரு குறுகிய பட்டையில் தொங்கினால், ஏறியவர் எழுந்து நிற்கும்போது முழு எடையும் அந்தப் பட்டை வழியே இறங்கும். அகன்ற அடித்தளத்தில் பொருத்தியவை மேல். குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் ஏற்றக் கூடாது என்பது பரவலான வரம்பு. 400 கிலோ குதிரைக்கு ஆளும் சேணமும் சேர்த்து 80 கிலோ. சட்டமில்லாச் சேணத்தில் இதற்கும் கீழே நிற்பதே நியாயம்.

முக்கால் மணி நேரம் ஓட்டிய பிறகு சேணத்தைத் தூக்கினால் முதுகே கணக்கு ஒப்பிக்கும். இருபுறமும் மயிர் ஒரே சீராக வியர்வையில் நனைந்து, நடுவில் முதுகெலும்பு நெடுக உலர்ந்திருந்தால் நல்லது. நனைந்த பரப்பின் நடுவே உள்ளங்கை அளவுக்கு ஓரிடம் மட்டும் காய்ந்திருந்தால், அங்கே தோல் வியர்க்கவும் முடியாத அளவுக்கு அழுந்தியிருக்கக்கூடும். விரலால் அழுத்தும்போது அங்கே தசை துடித்து விலகும். கவனிக்காமல் விட்டால் செம்பழுப்புக் குதிரையின் முதுகில் காசளவு வெள்ளை முடி முளைக்கும். மயிர்க்கால் கெட்டுப்போனால் பழைய நிறம் திரும்பாது.

குதிரை இளைத்தாலும் பெருத்தாலும் முதுமை எய்தினாலும் முதுகு மாறும். ஆகவே ஒருமுறை பொருந்திய சேணத்தையும் ஆண்டுக்கு இரண்டு முறையாவது மறுபடி பார்க்க வேண்டும். பொருந்தாத சேணம்தான் கையில் இருக்கிறது என்றால், அன்று அந்தக் குதிரைமேல் ஏறக் கூடாது.